உறுதி இல்லாத காணி: குடியேற்ற ஆட்சியும் இலங்கையும் – கேள்வி பதில்

இருபத்தேழு வருசம் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவன் நான். பிறந்தது தோட்டத்தில், அம்மா கொழுந்து எடுத்தவர். வந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பரீட்சைக்குப் பதில் தேடுகிறவர்கள் மன்னிக்க வேண்டும், புள்ளி போடுகிற மாதிரி எழுத வராது.

உயர்தர மாணவி, மாத்தளை: சேர், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று பேர் ஆண்டார்கள். யார் வந்துதான் நாடு கூடுதலாக மாறியது?

ஆங்கிலேயர். மற்ற இருவருக்கும் கரையும் கறுவாவும் போதுமாக இருந்தது. போர்த்துக்கேயர் 1505இல் வந்தார்கள், 1619இல் யாழ்ப்பாண அரசை முடித்தார்கள். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். ஆனால் கண்டி இருவருக்கும் அடங்கவில்லை. 1815இல் கண்டியும் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகுதான் முழுத் தீவும் ஒரே கந்தோரின் கீழ் வந்தது. (அலுவலகம் என்கிற இந்தக் 'கந்தோர்' ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். காலையில் சாப்பிடுகிற 'பாண்' போர்த்துக்கேயருடையது.)

ஒரே ஒரு சட்டத்தைக் காட்டு என்று கேட்டால் 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் காட்டுவேன்.

அதே மாணவி: அந்தச் சட்டத்தைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிட்டது. கொஞ்சம் விளக்க முடியுமா?

முடியும், ஆறுதலாக வாசியுங்கள்.

கண்டிப் பக்கத்துக் கிராமத்தான் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் வயல், வீட்டைச் சுற்றித் தோட்டம், மேட்டில் சேனை. சேனையை ஒரு வருசம் வெட்டிச் சுட்டுக் குரக்கன் விதைப்பான். பிறகு பல வருசம் அப்படியே விடுவான், மண் தேறட்டும் என்று. அந்த வருசங்களில் மாடு மேய்வதும் விறகு எடுப்பதும் அங்கேதான். அது யாருடையது என்று ஊருக்குத் தெரியும். காணி உறுதி என்று ஒரு உரிமைக் கடதாசி மட்டும் கிடையாது.

1840இல் சட்டம் என்ன சொன்னது? காடு, தரிசு, குடியிருப்பு இல்லாத நிலம், பயிரிடாத நிலம் எல்லாம் முடிக்குரியது. இல்லை என்றால் நீ நிரூபி. நிரூபிக்கிற பாரம் கிராமத்தான் தலையில். கண்டிச் சேனைக்கு அரச மானியமோ வரி கட்டிய ஆதாரமோ காட்ட வேண்டும். மண் தேறட்டும் என்று விட்ட நிலம் ஒரே நாளில் 'சும்மா கிடக்கிற நிலம்' ஆகிவிட்டது.

அது போனது கோப்பித் தோட்டத்துக்கு. முதலில் ஏக்கர் 5 சிலிங்குக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். அதாவது விற்கிற மேசையில் இருந்தவர்களே மறுபக்கம் வந்து வாங்கினார்கள். இதைப் படிப்பிக்கிற போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை சிரிக்கும்.

ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர், அநுராதபுரம்: குறை மட்டும் சொல்கிறீர்கள். ரயிலையும் தெருவையும் தந்தது அவர்கள்தானே?

தந்தார்கள். பாதை எங்கே போகிறது என்று என்னை விட உங்களுக்குத்தான் தெரியும், ஐயா. கொழும்பு – கண்டி 1867. அங்கே கோப்பி இருந்தது. நானுஓயாவுக்கு 1885, அதற்குள் தேயிலை வந்துவிட்டது. வடக்குக்கு முழுப்பாதையும் ஓடியது 1905இல்தான். சரக்கு கிடந்த இடத்திலிருந்து துறைமுகத்துக்குப் போட்ட பாதை அது. நாம் பிறகு ஏறிக்கொண்டோம்.

உங்கள் ஊர்ப் பக்கத்துக் குளங்களையும் நினைத்துப் பாருங்கள். 1832இல் இராஜகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய வேலை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் ஊர்க்குளத்து அணையைக் கட்டிக் காத்ததும் அதே கட்டாய வேலைதான். அதற்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. பழைய நீர்ப்பாசன வழக்கங்களை மீட்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவர 1856 ஆனது.

நல்லது ஒன்று சொல்லட்டுமா? 1931இல் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இரு பாலாருக்கும் வாக்கு. ஆசியாவில் முதலில் வந்த இடங்களில் ஒன்று இது. அதையும் நம் தலைவர்களில் பலர் விரும்பவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதனே எதிர்த்தார்.

வாசகர், புதுக்கோட்டை: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கண்டிச் சீமைக்குப் போனவர், திரும்பவே இல்லையாம். அவர்கள் அடிமைகளா, கூலிகளா?

சட்டப்படி கூலிகள். மொரிசியசுக்கும் பிஜிக்கும் போனவர்களைப் போல ஐந்து வருட ஒப்பந்தம் எழுதிப் போனவர்களும் இல்லை. இங்கே கட்டிப்போட்டது, ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணியின் கணக்கு.

ஊரில் கங்காணி முன்பணம் கொடுப்பார். கப்பல் செலவு, வழிச்சாப்பாடு, கம்பளி எல்லாம் கடனில் ஏறும். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் பாதையோரத்திலேயே கிடந்தார்கள். உங்கள் பெரியவர் தோட்டம் வரை போய்ச் சேர்ந்தாரோ என்னவோ.

போய்ச் சேர்ந்தவருக்குத் 'துண்டு' காத்திருந்தது. அது ஒரு சிறு கடதாசி. 'இவ்வளவு ரூபாய் கட்டினால் இந்த ஆட்களை விடுவேன்' என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை அடுத்த தோட்டத்துக்குக் கொண்டுபோவார், அந்தத் துரை காசைக் கட்டுவார். ஆள் இடம் மாறுவான், கடன் அவனோடு கூடவே போகும், போகிற வழியில் கொஞ்சம் பெருக்கும். தன் பேரில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. 1921இல்தான் துண்டு முறையை ஒழித்தார்கள்.

அம்மா காலத்தில் துண்டு இல்லை, பெரட்டு, அதாவது காலையில் ஆள் எண்ணுகிற வரிசை, இருந்தது. விடியுமுன் தப்புச் சத்தம், பெரட்டுக்களத்தில் வரிசை, பிறகு மலை. சொன்ன றாத்தல் கொழுந்து நிறுவையில் வராவிட்டால் 'அரைப் பேர்', அதாவது பாதிச் சம்பளம். இரவில் கூடையைக் கழற்றிவிட்டு, நெற்றியில் கயிறு பதிந்த தழும்பில் எண்ணெய் தடவுவார். லயம் என்கிற வரிசை வீட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் நாங்கள் ஆறு பேர்.

சட்டக்கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்: தேசவழமை எங்கள் சொந்தச் சட்டம்தானே? அதில் காலனித்துவம் எங்கே வந்தது?

காணி, சீதனம், முதுசம் பற்றிய யாழ்ப்பாணத்து வழமை உங்களுடையது. அதை எழுதி முடித்தது 1707இல் ஒல்லாந்தர். எழுதும் வரை வழமை ஊருக்கு ஊர் வளைந்து கொடுக்கும். எழுதிய பிறகு கல்லாகிவிடும். கல்யாணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவும் புருசன் சம்மதம் கேட்டு நிற்கிறாளே, அதற்கு 1911ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காலச் சட்டம் ஒன்றும் துணை. காணி வழக்குக்குப் பழைய தோம்பை, அதாவது காணிப் பதிவேட்டைத் தேடிப் போகும்போது அந்தச் சொல் யாருடையது என்றும் பாருங்கள். போர்த்துக்கேயருடையது.

வங்கி ஊழியர், கொழும்பு: மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது சுதந்திர இலங்கை. அதற்கும் வெள்ளைக்காரனைச் சாட்டுவீர்களா?

மாட்டேன். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் டி.எஸ். சேனநாயக்க அரசாங்கத்தின் கைவேலை. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்திருந்தது, தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்கும் போனது. அந்தப் பயம்தான்.

சட்டம் கேட்டது என்ன? தகப்பன் இங்கே பிறந்ததற்கு ஆதாரம்; இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு. காட்டுப்பாதையில் நடந்து வந்தவனின் பேரனிடம் பூட்டனின் பிறப்புச் சான்றிதழ்! 1840இல் சேனைக்காரனிடம் கேட்ட அதே கேள்விதான்: கடதாசி எங்கே?

ஆளைப் பிரித்து எழுதும் பழக்கமும் பழையது. 1833இல் சட்டசபைக்குச் சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர் என்று இனவாரியாக நியமித்தார்கள். 1911 குடிசனக் கணக்கெடுப்பில் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று தனித்தனி நிரல். நிரலை அவர்கள் போட்டார்கள், அதன் மேல் நம்மவர்கள் கோடு கீறினார்கள். தமிழ்த் தலைமையும் இதில் பிளந்தது. செல்வநாயகம் தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் 'பிறகு பார்ப்போம்' என்று விட்டார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: 2022இல் நாடு வங்குரோத்தானதும் காலனித்துவத்தால்தானா?

இல்லை. 2019 வரிக்குறைப்பு, 2021இல் இரசாயன உரத்துக்குப் போட்ட தடை, டொலர் கடன் எல்லாம் நம் காலத்து வேலை. எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டினால் நம்மவர்கள் தப்பிவிடுவார்கள். சுதந்திரம் கிடைத்தபோது ஏற்றுமதி பெரும்பாலும் தேயிலை, றப்பர், தெங்கு. அரிசியோ கப்பலில் வந்தது. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானதும் ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். விற்றுச் சாப்பிடுகிற அந்த அமைப்பை மாற்ற எழுபது வருசத்துக்கு மேல் கிடைத்தது.

தோட்டப் பாடசாலை ஆசிரியை, ஹட்டன்: சேர், தோட்டங்களை 1975இல் அரசாங்கம் எடுத்தது. பிறகுமா எங்கள் பிள்ளைகள் லயத்தில்?

1972இல் தனியார் காணி, 1975இல் கம்பனித் தோட்டங்கள் என்று அரசாங்கம் எடுத்தது. தோட்டக் காணி அரச காணி ஆனது, 1990களில் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போனது. லயத்தில் இருந்தவர்களின் பேர் இந்த எந்தக் கடதாசியிலும் வரவில்லை. சில இடங்களில் ஏழு பேர்ச் காணியில் வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு இன்னும் இல்லை.

போன மாதம் அம்மா இருந்த லயத்துக்குப் போனேன். கூரைத் தகரம் புதிது. கடிதம் இன்னும் தோட்டத்துக் கந்தோருக்குத்தான் வருகிறதாம். பக்கத்துக் காம்பராப் பிள்ளை வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறாள், பத்திரத்தைக் காட்டினாள். 'காணி உறுதி இலக்கம்' என்ற இடத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டிருந்தாள்.