வெளிச்சம் பட்ட டிடெக்டர்: புதிது வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் காமா ஸ்பெக்ட்ரோமீட்டரின் (காமா கதிர்களின் ஆற்றலை அளக்கும் கருவி) சோடியம் அயோடைடு டிடெக்டரைச் சுத்தம் செய்யக் கழற்றினோம். காமா பட்டு மினுங்கும் படிகத்தின் ஒளியை மின் துடிப்பாக மாற்றும் போட்டோமல்டிபிளையர் குழாய் அரை மணி நேரம் டியூப்லைட் வெளிச்சத்தில் இருந்துவிட்டது. திரும்ப மாட்டியதும், கதிரியக்க சோர்ஸ் வைக்காமலே கவுண்ட் (துடிப்பு எண்ணிக்கை) எகிறுகிறது. குழாய் போய்விட்டது, மொத்த டிடெக்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார் ஏஜென்ட். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வெளிச்சம் பட்டபோது ஹை வோல்டேஜ் அணைந்திருந்தது என்றால் குழாய் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதன் முகப்புக் கண்ணாடியின் உட்புறப் பூச்சு, ஒளி பட்டால் எலெக்ட்ரானை விடும். அதைக் குழாய்க்குள் வரிசையாக இருக்கும் டைனோடுகள் என்ற மின் தகடுகள் லட்சக்கணக்கில் பெருக்கும். டியூப்லைட் பட்ட பூச்சு, இருட்டுக்கு வந்த பிறகும் பல மணி நேரம் வீண் துடிப்புகளைத் தரும். அது தானே அடங்கும். வோல்டேஜ் ஓடும்போது பட்டிருந்தால்தான் ஆபத்து: மின்னோட்டம் எல்லை மீறி, கடைசி டைனோடுகள் தேய்ந்து, பெருக்கம் குறைந்துவிடும்.

படிகமும் குழாயும் சேரும் இணைப்பு முழுவதும் கறுப்பு பிவிசி டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பின்புற சாக்கெட் பக்கத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வழக்கமான வோல்டேஜில் பாதி வைத்து, கறுப்புத் துணியால் மூடிப் பாருங்கள். கவுண்ட் இறங்கினால் வெளிச்சம் கசிகிறது. அதை அடைக்காமல் மேலே ஏற்றாதீர்கள். கசிவில்லை என்றால் 100 வோல்ட் படிகளாக ஏற்றி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

ஏஜென்ட் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. குழாயோடு படிகத்தின் ஜன்னலும் திறந்தே கிடந்திருக்கும். சோடியம் அயோடைடு படிகம் டியூப்லைட் ஒளியை வாங்கி, மணிக்கணக்கில் மங்கலாக மினுங்கும். அதைக் குழாயின் கோளாறு என்று சொல்லிப் பில் போடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் ஹை வோல்டேஜை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து, மங்கலான சிவப்பு விளக்கில் குழாயை மட்டும் பிரித்து, முகப்பைக் கறுப்பு டேப்பால் மூடி, மறுபடி வோல்டேஜ் கொடுத்துப் பாருங்கள். கவுண்ட் விழுந்தால் குற்றவாளி படிகம். இந்தத் துடிப்புகள் மிகச் சிறியவை. துடிப்புகளை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தின் இடது ஓரத்திலேயே குவியும். கணக்கில் எடுக்கும் துடிப்பின் கீழ் எல்லையைச் சற்று உயர்த்தினால் மறைந்துவிடும்.

பிறகு சீசியம்-137 சோர்ஸை வையுங்கள். பழைய வோல்டேஜில் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் சிகரம் பழைய சேனலிலேயே (ஸ்பெக்ட்ரத்தின் அதே இடத்திலேயே) நின்று, பாதி உயரத்தில் அதன் அகலம் ஆற்றலில் 7 முதல் 8 சதவீதம் இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். சிகரம் இடப்பக்கம் நகர்ந்திருந்தால் பெருக்கம் குறைந்திருக்கிறது. வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டிச் சரிக்கட்டலாம். சிகரம் அகன்றிருந்தால், இணைக்கும்போது படிகத்துக்கும் குழாய்க்கும் இடையே பூசும் சிலிக்கோன் கிரீஸில் காற்றுக் குமிழி சிக்கியதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு டியூப் கிரீஸ் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்கும் அலுவலகம், மார்ச் மாதம் வந்தால் புது டிடெக்டருக்குக் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடும். ஏஜென்ட்களுக்கு அது நன்றாகவே தெரியும். "டெஸ்ட் செய்துவிட்டுத் தருகிறேன்" என்று ஏஜென்ட் குழாயைக் கேட்டால், குழாயின் சீரியல் எண்ணைப் படமெடுத்து ரசீதில் எழுதி வாங்குங்கள். அன்றைய சீசியம் ஸ்பெக்ட்ரத்தின் பிரிண்டையும் அதோடு இணையுங்கள். உங்கள் நல்ல குழாய்க்குப் பதில் தேய்ந்த குழாய் திரும்பி வந்தால், சண்டை போட அந்த இரண்டும் வேண்டும்.