கேள்வி–பதில்: கடலை மூடியும் எண்ணெய் டப்பாவும்

கேள்வி: வறுகடலை பாட்டிலுக்குக் கூம்பு மூடி ஒன்று செய்திருக்கிறேன். கவிழ்த்துக் குலுக்கினால் நாலைந்து கடலைதான் விழும். காப்புரிமை மனு எழுதும்போது, எண்ணெய் டப்பாவுக்காக இதே உருவில் வந்த பழைய மூடியின் படம் கண்ணில் பட்டது. 'கடலை விழுவதற்கானது' என்று கிளைமில் (எதற்கு உரிமை கேட்கிறேன் என்று சொல்லும் பகுதியில்) எழுதினால் தப்பிக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: தப்ப முடியாது. உங்கள் சிக்கல் அச்சு அசலாக அமெரிக்காவில் வழக்காகவே நடந்திருக்கிறது. 1997, ஷ்ரைபர் வழக்கு. அவர் கேட்டது, ஒரு குலுக்கலுக்குக் கொஞ்சம் பாப்கார்ன் மட்டும் விழும் கூம்பு மூடிக்கு. எதிரே வந்து நின்றது ஹார்ஸ் என்பவரின் சுவிஸ் காப்புரிமை: எண்ணெய் கேனுக்கான மூக்கு. அதில் பாப்கார்ன் என்ற பேச்சே கிடையாது. இருந்தும் ஷ்ரைபர் தோற்றார்.

செயலைச் சொல்லிக் கிளைம் எழுதுவது தப்பில்லை. அந்தத் தீர்ப்பே அதை ஒப்புக்கொள்கிறது. ஆனால் பொருளுக்கு உரிமை கேட்டால், பழைய பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க மாட்டார்கள். இருக்கிறபடியே அது இந்த வேலையைச் செய்யுமா என்றுதான் பார்ப்பார்கள். செய்யும் என்று எண்ண நியாயமிருந்தால், செய்யாது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

ஆனாலும் நம்பிக்கை இழக்காதீர்கள். 2014-இல் ஜியனெல்லி வழக்கில் மனுதாரரே வென்றார். அவருடையது கைப்பிடியை இழுத்துச் செய்யும் உடற்பயிற்சிக் கருவி. பழையது தள்ளும் கருவி. 'அதையும் இழுக்க முடியுமே' என்றது காப்புரிமை அலுவலகம். நீதிமன்றம் ஏற்கவில்லை. மனுவின் விளக்கத்தில் கைப்பிடி இழுப்பதற்கென்றே அமைந்திருந்தது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. மனு எழுதுகிறவரின் உழைப்புக்கு அதில் மரியாதை இருக்கிறது.

'பழைய மூடியைக் கடலைக்குப் பயன்படுத்தும் முறை' என்று கேட்க அமெரிக்காவில் வழியுண்டு. இங்கே இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 3(டி) குறுக்கே நிற்கும்: தெரிந்த கருவியை வெறுமனே வேறு வேலைக்குப் பயன்படுத்துவதை நம் சட்டம் கண்டுபிடிப்பாகவே எண்ணாது.

ஆகவே மூடியையே பேச விடுங்கள். கடலை எந்த இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது? அங்கே சரிவு எத்தனை டிகிரி? வாயின் விட்டம் கடலையைப் போல் எத்தனை மடங்கு? உள்ளே வரிவரியான மேடு உண்டா? எல்லாவற்றையும் வெர்னியர் அளவுகோலால் நுணுக்கமாக அளந்து விளக்கத்திலும் கிளைமிலும் எழுதுங்கள். பழையது இந்த வேலையைச் செய்யாது என்று காட்ட, பழைய படத்தைப் பார்த்து இரண்டு மூன்று அளவுகளில் மூடி செய்து, அதே கடலையைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். தாக்கல் செய்யும் முன்பே இதை முடித்துவிடுங்கள். விளக்கத்தில் இல்லாத அளவைப் பிறகு திருத்தமாக நுழைக்க முடியாது.