துணிப் பொம்மையின் முகம் வெடிப்பது ஏன்?

கேள்வி: மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்தில் வசிக்கும் நான், யாரிடமும் முறையாகக் கற்காமல், நானே பழகித் துணிப் பொம்மைகள் செய்து வருகிறேன். காடாத்துணியில் இலவம்பஞ்சை அடைத்து, முகத்தில் மைதாப் பசையால் மெல்லிய தாளை ஒட்டி, வெள்ளைப் பசையும் முகப்பவுடரும் கலந்த பூச்சைத் தடவி, அதன்மேல் அக்ரிலிக் வண்ணம் தீட்டுகிறேன். சில மாதங்களில் கன்னமும் கழுத்தும் வெடித்துவிடுகின்றன. சில பொம்மைகளில் கரும்புள்ளிகளும் தோன்றுகின்றன. விலையுயர்ந்த வண்ணம் வாங்கினால் இது சரியாகுமா?

பதில்: சரியாகாது. நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் வண்ணத்துக்கு அடியில்தான் தொடங்குகின்றன. மென்மையான தலையின்மேல் விறைப்பான பூச்சு இருப்பதால் முகம் வெடிக்கிறது. உள்ளே தங்கிவிட்ட ஈரத்தில், மைதாவையே உணவாகக் கொண்டு பூஞ்சை வளர்வதால் புள்ளிகள் தோன்றுகின்றன.

முதலில் தலையைக் கவனியுங்கள். இலவம்பஞ்சு தலையணைக்கு மிக நல்லது, ஆனால் நாளடைவில் அமுங்கிவிடும்; அது அமுங்கும்போது துணி தளர்கிறது, துணியோடு சேர்ந்து வளைய முடியாத பூச்சு பிளக்கிறது. வண்ணம் பூசும் முகத்துக்குப் பாலியஸ்டர் பஞ்சையே நான் பரிந்துரைப்பேன். அது காற்றிலிருந்து ஏறத்தாழ 0.4 விழுக்காடு ஈரத்தை மட்டுமே ஏற்கும். பருத்தியோ ஏறத்தாழ 8 விழுக்காடு உறிஞ்சும். பஞ்சைச் சிறுசிறு துணுக்குகளாகப் பிய்த்து, சாப்ஸ்டிக் குச்சியின் மழுங்கிய முனையால் மூலை முடுக்கெல்லாம் செலுத்தி, கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழாத அளவுக்கு இறுக்கமாக அடையுங்கள். இந்த இறுக்கத்தைத் தையல் தாங்க வேண்டுமென்றால், தையல் இயந்திரத்தில் தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டராகக் குறைக்க வேண்டும். காடாத்துணியை வெட்டுவதற்கு முன்பே துவைத்துக் கஞ்சியை நீக்கிவிடுங்கள். கழுத்துக்குள் ஒரு குச்சியைத் தலையின் நடுவிலிருந்து மார்பு வரை இறக்கிவிட்டால் தலை ஆடாது, கழுத்தின் வெடிப்பும் பெருமளவு நின்றுவிடும். குச்சிக்குப் பதிலாக இரும்புக் கம்பியை வைக்க வேண்டாம். துரு துணிக்கு வெளியே கசியும்.

அடுத்தது பூச்சு. வெள்ளைப் பசையில் பவுடர் கூடக்கூட, துகள்களைப் பிணைக்கும் பசையின் பங்கு குறைந்து, காய்ந்த பூச்சு நொறுங்கும் தன்மையை அடைகிறது. வண்ணத்துக்கு அடியில் பூசுவதற்கெனக் கடையில் கிடைக்கும் வெள்ளைப் பூச்சான அக்ரிலிக் ஜெஸ்ஸோவில் சுண்ணத்தூளும் வெண்ணிறமியும் வளையும் தன்மையுள்ள அக்ரிலிக் பிசினில் கலந்திருப்பதால், அது துணியோடு சேர்ந்து ஓரளவு அசையும். நீங்கள் செலவழிக்க நினைக்கும் பணத்தை வண்ணத்துக்கு அல்ல, இதற்கே செலவிடுங்கள். தடிமனாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக மூன்று முறை பூசுவது நல்லது. தாள் ஒட்டியே ஆகவேண்டுமானால், மைதாவைக் கைவிட்டு, நிறமி கலக்காத அக்ரிலிக் பிசினான அக்ரிலிக் மீடியத்தால் ஒட்டுங்கள். வெள்ளிப்பூச்சிக்கும் மாவுப் பசை பிடித்தமான உணவு என்பதால், அது கடித்த தாளை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கவும் கூடும்.

பூச்சு உலரும் நேரத்தில் நம் ஊர்க் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பூஞ்சை வளர்வதற்குக் காற்றில் 70 விழுக்காடு ஈரப்பதமே போதும் என்னும்போது, பினாங்கில் அது பல நாட்களில் 80 விழுக்காட்டையும் தாண்டுகிறது. தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும் பூச்சுக்குள்ளும் நீர் இருக்கும். ஆகவே ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஒரு முழு நாள் மின்விசிறிக் காற்றில் வைத்து, கடைசி வார்னிஷுக்கு முன் ஒரு வாரமாவது பொறுத்திருங்கள். செப்டம்பர், அக்டோபர் மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். முடி உலர்த்தியின் சூடு மேற்பரப்பை மட்டும் மூடி, ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

வெடித்துவிட்ட பொம்மைகளின் பிளவுக்குள் பூச்சை நிரப்ப வேண்டாம். உள்ளே தலை தளர்வாக இருக்கும்வரை பிளவு மீண்டும் திறக்கும். தலைக்குப் பின்புறத் தையலைப் பிரித்து, பஞ்சையும் குச்சியையும் சேர்த்து இறுக்கித் தைத்த பிறகு, தளர்ந்த செதில்களை அகற்றி, அந்த இடத்தை மட்டும் மீண்டும் பூசுங்கள். கரும்புள்ளி உள்ளவற்றை முகக்கவசம் அணிந்து வெளியில் வைத்து, நன்றாக உலரவிட்டு, மென்தூரிகையால் துடையுங்கள். முகத்தில் ஆல்கஹால் தடவினால் அக்ரிலிக் வண்ணம் கரைந்து வந்துவிடும் என்பதால் அதைத் தவிருங்கள்.

உடைக்குப் பழைய பட்டுச் சேலையைப் பயன்படுத்துவதானால், மடிப்புகளில் நைந்த பகுதிகளுக்கு அடியில் மெல்லிய பருத்தித் துணியை வைத்துத் தையுங்கள். ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவின் துணிக்கடைகளில் அந்தப் பருத்தித் துணியை வாங்கிக்கொள்ளலாம்.

முடிந்த பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்காதீர்கள். வெப்பத்தில் அக்ரிலிக் இளகிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மூக்கின் வண்ணம் பையோடு போய்விடும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள். விற்பதானால், மணிகளும் பொத்தான்களும் கழன்று தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால், இது அலங்காரப் பொம்மை, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது, துவைக்கக்கூடாது என்பவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதிக் கட்டிக் கொடுங்கள்.