பாட்டில் பாம் என்று வாங்கிய கன்று ராயல் பாம் மாதிரி வளர்கிறதே, எப்படி உறுதி செய்வது?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீட்டு முன்னால் 4 அடி அகல இடம். பாட்டில் பாம் என்று வாங்கி வைத்தது ஒன்றரை வருடத்தில் உயரம் மட்டும் ஏறுகிறது. என்ன மரம் இது, எப்படி வளர்க்க வேண்டும்?

பதில்: நர்சரிக்காரர் ஏமாற்றினார் என்று முடிவு கட்ட வேண்டாம். நம் பக்கத்தில் ராயல் பாமையே ‘பாட்டில் பாம்’ என்று சொல்லும் பழக்கம் உண்டு. இளம் வயதில் அதற்கும் அடிமரம் உப்பலாகத்தான் இருக்கும். அதனால் அடியைப் பார்த்து அடையாளம் சொல்லக் கூடாது, மட்டையைப் பாருங்கள்.

அசல் பாட்டில் பாம் மொரீஷியஸ் பக்கத்து ரவுண்ட் தீவுக்காரன். கன்றில் மட்டைக் காம்பு சிவப்பு அல்லது ஆரஞ்சு ஓடியிருக்கும். ஒரு சமயத்தில் 4 முதல் 8 மட்டைதான். அவை விறைப்பாக வளைந்து, சிற்றிலைகள் இரு பக்கமும் மேல்நோக்கி நிற்கும். ராயல் பாமுக்குக் காம்பு பச்சை. கொஞ்சம் வளர்ந்ததும் சிற்றிலைகள் பல திசையில் கிளம்பி மட்டையே கலைந்த விசிறி போலத் தெரியும். மட்டையும் பதினைந்து வரை இருக்கும். சிற்றிலை நுனி கடித்துப் பிய்த்தது போல இருந்து, மட்டை முழுதும் நரிவால் மாதிரி அடர்ந்திருந்தால் அது ஆஸ்திரேலியாவின் ஃபாக்ஸ்டெயில்.

இறகு போன்ற மட்டையுள்ள எந்தப் பனை வகைக்கும் உதவும் சோதனை ஒன்று உண்டு. சிற்றிலை நடுமட்டையில் ஒட்டும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். மடிப்பு தண்ணீர் ஏந்தும் ஓடை போலக் குழிந்திருந்தால் ஈச்சை, கூந்தல்பனை வகை. கூரை போலக் கவிழ்ந்திருந்தால் தென்னை, பாக்கு, ராயல், பாட்டில், ஃபாக்ஸ்டெயில் வகை. ஈச்சை என்றால் மட்டையின் அடிச் சிற்றிலைகள் முள்ளாக மாறியிருக்கும், தொட்டாலே தெரியும். படங்கள் நிறைந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் வளர்ந்த மரத்தையே காட்டுகின்றன. கன்று வாங்குபவருக்கு அதில் பாதி வீண். மடிப்பு, காம்பு, முள், பச்சைக் கழுத்து (மட்டையடிகள் சேர்ந்து தண்டின் உச்சியில் உறை போல நிற்கும் பகுதி) என்று கேள்வி கேட்டுப் பிரித்துக்கொண்டே போகும் வழிகாட்டிதான் உதவும். பெயர்களும் ஏமாற்றும்: கடைகளில் ‘அரிக்கா பாம்’ என்று கிடைக்கும் மஞ்சள் தண்டுச் செடிக்கும் வெற்றிலைக்குப் போடும் பாக்குக்கும் நேரடி உறவில்லை. அது மடகாஸ்கர் செடி. அதன் தாவரவியல் பெயர் பழைய புத்தகத்தில் கிரைசாலிடோகார்பஸ் என்றிருக்கும், 1995இல் டிப்சிஸ் ஆனது, 2022இல் மறுபடி பழைய பெயருக்கே திரும்பிவிட்டது. ‘சாகோ பாம்’ எனப்படும் சைகஸ் பனையே இல்லை. அதன் விதை நாய்க்கு விஷம். டிராவலர்ஸ் பாமும் பனை அல்ல, வாழைக்குத் தூரத்துச் சொந்தம்.

உங்களுடையது ராயல் என்று உறுதியானால் 4 அடியில் வைத்திருக்க வேண்டாம். 60 அடிக்கு மேல் போகும் மரம், காய்ந்து விழும் ஒரு மட்டையே பத்துக் கிலோவைத் தாண்டும். இந்த ஆடியிலேயே இடம் மாற்றிவிடுங்கள். முதல் நாள் மண் நனைய நீர் விட்டு, தண்டிலிருந்து சுற்றிலும் ஓர் அடி தள்ளி வேரோடு மண் கட்டியாக எடுங்கள். கீழ் மட்டைகளில் பாதியை வெட்டி, மீதியைக் குருத்தோடு சேர்த்துத் தளரக் கட்டுங்கள். ஆடியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். மழை நடுவில் நட்டால் தேங்கும் நீரில் வேர் அழுகும்.

நம் ஊரில் நடக்கும் பெரிய தப்பு, தென்னங்கன்று மாதிரி 3 அடிக் குழியில் ஆழமாக இறக்கி நடுவது. தென்னை தாங்கும். ராயலும் ஃபாக்ஸ்டெயிலும் தாங்காது. தண்டும் வேரும் சேரும் இடம் தரைமட்டத்தில்தான் இருக்க வேண்டும். ஆழப் புதைத்தால் வேருக்குக் காற்று போகாது, இரும்பும் மாங்கனீசும் ஏறாது, புதுக் குருத்து வெளுத்தோ சுருங்கியோ வரும்.

மஞ்சள் எங்கே விழுகிறது என்பதுதான் நோய்க் குறிப்பு. கீழ் மட்டையில் ஆரஞ்சுப் புள்ளியும் கருகிய நுனியும் என்றால் பொட்டாஷ் குறை. கீழ் மட்டையின் ஓரம் பட்டையாக மஞ்சளாகி நடு பச்சையாக நின்றால் மெக்னீசியம். புதுக் குருத்து கருகிச் சுருங்கினால் மாங்கனீசு, லிட்டருக்கு 3 கிராம் மாங்கனீசு சல்பேட் தெளிக்கலாம். பொட்டாஷ் குறையுள்ள கீழ் மட்டையைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டாதீர்கள். மரம் அதிலிருந்துதான் சத்தை உறிஞ்சிப் புதுக் குருத்துக்குக் கொடுக்கிறது. வெட்டினால் அடுத்த வரிசை மஞ்சளாகும். உர அளவுக்குத் தென்னைக் கணக்கே போதும்: வளர்ந்த மரத்துக்கு வருடம் யூரியா 1.3 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. கன்றுக்கு அதில் பத்தில் ஒரு பங்கை நான்காகப் பிரித்துப் போடுங்கள், தண்டை ஒட்டிக் கொட்ட வேண்டாம். கடலோரம் போர் நீர் உப்பாக இருந்தால் சாதாரண பொட்டாஷுக்குப் பதில் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள்.

விரிந்த மட்டையில் கத்தரியால் வெட்டியது போல ஓட்டையும் முக்கோண வெட்டும் தெரிந்தால் காண்டாமிருக வண்டு. ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு இரண்டு பங்கு மணல் கலந்து குருத்தடி மட்டை இடுக்கில் போடுங்கள். பக்கத்தில் எருக்குழி இருந்தால் அதைக் கிளறிப் புழுவைப் பொறுக்குவதுதான் உண்மையான வைத்தியம். தண்டில் ஆணி அடிக்காதீர்கள், அந்தக் காயத்தின் வாசனைக்குத்தான் சிவப்புக் கூன்வண்டு வரும்.

விதை போட்டு வளர்க்க ஆசையிருந்தால் பனங்கிழங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டையிலிருந்து முளை முதலில் மண்ணுக்குள் இறங்கி, ஆழத்தில்தான் செடியாகிறது. கொட்டைக்குள் தவுன் (வெள்ளைப் பஞ்சு போன்ற சதை) உட்கார்ந்திருக்கும். பிஸ்மார்க் பாமும் அப்படித்தான் முளைக்கும். ஒன்றரை அடி ஆழப் பையில் ஒரே விதையாகப் போட்டு, பிறகு வேரைத் தொடாமல் பையோடு நடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ராயல், ஃபாக்ஸ்டெயிலில் செடி கொட்டைக்குப் பக்கத்திலேயே முளைக்கும், தட்டில் போட்டாலும் சரி. சதையை நன்றாகக் கழுவி 2 நாள் ஊறவைத்து, பாதி புதைத்து, நிழலில் ஈரம் காயாமல் வையுங்கள். ஃபாக்ஸ்டெயில் இரண்டு மூன்று மாதம் எடுக்கும், சிலது ஒரு வருடம். முளைக்கவில்லையே என்று தோண்டித் தோண்டிப் பார்த்தால் முளை ஒடிந்துவிடும்.