கில்லி மீன் சாதுதான், வாய்க்குள் நுழையாத மீனிடம்

யாங்கோன் தாமுவேயிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வீட்டில் 2 அடி கண்ணாடித் தொட்டி இருக்கிறது. கப்பி பத்துப் பன்னிரண்டு, நியான் டெட்ரா ஆறு விட்டிருக்கிறேன். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கில்லி மீன் சின்னது, சண்டை போடாது, ஃபில்டர்கூட அவ்வளவாக வேண்டாம் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? எந்த வகை வாங்குவது?"

வாங்கலாம் அம்மா. ஆனால் கடைக்காரர் எந்தத் தொட்டியைக் காட்டி அப்படிச் சொன்னார் என்று முதலில் பாருங்கள். கில்லி என்பது ஒரே மீன் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குச் சேர்த்து வைத்த பெயர். ஆங்கிலத்தில் 'கொல்' என்ற பொருள் தொனிப்பதால் பயப்படுகிறவர்களும் உண்டு. டச்சு மொழியில் 'கில்' என்றால் சிற்றோடை, அவ்வளவுதான்.

கடையில் மஞ்சளாக மின்னும் 'கோல்டன் வொண்டர்' இருந்தால் அது உங்கள் தொட்டிக்கு ஆகாது. நம் முன்னோர் ஊர்ப்பக்கத்து மீன்தான், தென்னிந்தியாவில் இருக்கிற ஒரு கில்லியின் வளர்ப்பு நிறம். ஆனால் 10 செ.மீ. வரை வளரும், வாயும் அதற்கேற்ற அளவு. உங்கள் நியான் ஒவ்வொன்றாகக் குறையும், காரணம் தெரியாமல் விழிப்பீர்கள். நைஜீரியா, கேமரூன் பக்கத்து 'கார்ட்னெரி' பார்க்க அழகு. அதற்கு 22 முதல் 26 டிகிரிக்குள் தண்ணீர் வேண்டும். தண்ணீர்த் திருவிழா நாட்களில் நம் வீட்டுத் தொட்டி தானாகவே 30ஐத் தாண்டிவிடும். கரண்டை நம்பிக் குளிர்விக்கவும் முடியாது. 'நோதோபிராங்கியஸ்' கதை வேறு. ஆப்பிரிக்காவில் வற்றும் குட்டைகளில் வாழ்கிற மீன் அது. குட்டை காய்ந்ததும் பெரியவை செத்துப்போகும், சேற்றுக்குள் முட்டை மட்டும் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். சில மாத ஆயுள் உள்ள மீனைக் கப்பியோடு கலந்து விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

என்னைக் கேட்டால் நம் ஊர் மீனே போதும். மழைக்காலத்தில் தன்லின் பக்கம் வயல் வாய்க்காலைக் குனிந்து பார்த்திருப்பீர்கள். தண்ணீரின் மேல் தோலிலேயே ஒட்டிக்கொண்டு, தலை உச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன ஒரு சின்ன மீன் அசையாமல் நிற்கும். அதுதான் 'பாஞ்சாக்ஸ்', அதுவும் கில்லி வகைதான். அதே வாய்க்காலில் கப்பியும் இருக்கும், குழம்பிவிடாதீர்கள். பாஞ்சாக்ஸுக்குத் தலை தட்டையாக இருக்கும், முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில் பின்னால் தள்ளி இருக்கும், அந்தத் துடுப்பின் அடியில் ஒரு கரும்புள்ளி தெரியும். இதற்கு 1822இல் பெயர் வைத்த பிரான்சிஸ் ஹாமில்டன், அதற்கு முன் 1795இல் ஆவா எனப்பட்ட பர்மிய அரசவைக்கு வந்த ஆங்கிலேயத் தூதுக்குழுவில் மருத்துவராக இந்த நாட்டுக்கு வந்தவர்.

தொட்டியில் 5, 6 செ.மீ. வளரும். ஓர் ஆண், மூன்று பெண் என்று விடுங்கள். இரண்டு ஆண் இருந்தால் துடுப்பை விரித்து முறைத்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த கப்பியைத் தொடாது, குஞ்சைத் தின்னும். கப்பி பெருகித் தள்ளுகிற வீட்டில் அது குறையே இல்லை. நியான் முழு வளர்ச்சி அடைந்திருந்தால் பிழைக்கும், சிறுசாக இருந்தால் வேண்டாம். அடியில் திரிகிற கூலி லோச் நல்ல துணை. ஷான் மாநிலத்து ஹோபோன் பக்கம் 2006இல் கண்டுபிடித்த முத்துப்புள்ளி டானியோவைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது 2 செ.மீ. மீன், மலைக்குளிர்ச்சி பழகியது. அதற்குத் தனித் தொட்டி வையுங்கள்.

இனி மூடி. இதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். கண்ணாடி மூடி போட்டு, காற்றுக்குழாய் போக ஒரு மூலையில் இரண்டு விரல் அகலம் விட்டிருந்தேன். காலையில் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில், கருவாடு மாதிரி வளைந்து கிடந்தது ஆண் மீன். அன்றிலிருந்து மரச்சட்டத்தில் கொசுவலை அடித்து, குழாய்க்கு வலையில் துளை போட்டுச் சுற்றி நூலால் இறுக்கிவிடுகிறேன். வலை வழியாக ஆவி போவதால் வெயில் நாளில் தண்ணீர் கொஞ்சம் தணியும். நீர்மட்டத்தையும் விளிம்பிலிருந்து நாலு விரல் குறைத்தே வையுங்கள்.

கரண்ட் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பாதி சரி. பாஞ்சாக்ஸ் மேல்மட்டத்திலேயே நிற்பதால் அங்குள்ள ஆக்சிஜன் அதற்குப் போதும். ஆனால் உங்கள் நியானுக்கும் கப்பிக்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். மூடிய டப்பா ஃபில்டர் மணிக்கணக்கில் நின்றால் உள்ளே இருக்கிற நல்ல பாக்டீரியா மூச்சு முட்டிச் சாகும். திறந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் அந்த நேரத்தைத் தாக்குப்பிடிக்கும். மீன் எண்ணிக்கையைக் குறைவாக வைத்து, கரண்ட் இல்லாத நாளில் தீனியையும் பாதியாக்குங்கள். மேலே நாலைந்து ஆகாயத்தாமரை விட்டால் மீனுக்கு நிழல், மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் வேருக்கு உரம். குழாய்த்தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள்.

வாய்க்காலில் பிடித்த மீனை நேரே தொட்டியில் விடாதீர்கள். மூன்று வாரம் தனி வாளியில் வைத்துப் பாருங்கள். டார்ச் அடித்தால் உடம்பில் தங்கப்பொடி தூவியது போலத் தெரிந்தால் அது வெல்வெட் நோய், கில்லிகளை எளிதாகப் பிடிக்கும். அந்த வாளியில் 10 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பு கலந்து வைத்தால் தொல்லை குறையும். உவர்நீரிலும் வாழ்கிற மீன் என்பதால் உப்பு அதற்குப் பிரச்சினை இல்லை.

தீனிக்கு மிதக்கிற ஃபிளேக் போதும், ஆனால் கொசுப்புழு கண்டால் துள்ளும். மழைநீர் வாளியில் புழு வளர்ப்பவர்கள் நாலாம் நாளே வடிகட்டிவிடுங்கள். தலை பெருத்து, காற்புள்ளி மாதிரி சுருண்டு மிதக்கத் தொடங்கிவிட்டால் அது கூட்டுப்புழு, இரண்டு நாளில் கொசு. டெங்குவை நாமே வளர்த்ததாகிவிடும்.

அப்புறம், ஆகாயத்தாமரை வேரை ஒரு நாள் தூக்கிப் பாருங்கள். ஜவ்வரிசியைவிடச் சிறிய, தெளிந்த முட்டை ஒன்றிரண்டு நூலில் தொங்கும். விரலால் எடுத்தாலும் உடையாது. தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் ஊற்றி அதில் போட்டு வையுங்கள். வெள்ளையாகிப் போனதை உடனே எடுத்துவிடுங்கள். மற்றவற்றில் சில நாளில் இரண்டு கறுப்புக் கண் தெரியும். இரண்டு வாரத்துக்குள் குஞ்சு வெளியே வந்துவிடும்.