கேள்வி – பதில்: நிரல் ஓடும்போது கணினிக்குள் நடப்பது என்ன?

கேள்வி: நான் கணினிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நடத்தப்படும் 15-213 என்ற பாடத்தைத் தவறாமல் படிக்கும்படி சீனியர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு ஏற்கெனவே கணினிக் கட்டமைப்பு என்று ஒரு தாள் இருக்கிறது. இதில் கூடுதலாக என்ன இருக்கிறது?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: கட்டமைப்புத் தாள் செயலியை வடிவமைப்பவரின் பக்கம் நின்று பேசுகிறது. 15-213 அதே இயந்திரத்தை, அதை நம்பி நிரல் எழுதுபவரின் பக்கம் நின்று பார்க்கிறது. ராண்டல் பிரையன்ட், டேவிட் ஓஹாலரன் என்ற இரு பேராசிரியர்கள் 1998-இல் இதைத் தொடங்கினார்கள். பிட்ஸ்பர்க் நகரில் அப்பல்கலைக்கழகத்தின் அஞ்சல் குறியீடும் 15213 தான் என்பது அங்குள்ளவர்கள் பெருமையுடன் சொல்லும் பொருத்தம்.

சி மொழியில் 50000 என்ற மதிப்பை ஒரு இன்ட் (முழு எண்) மாறியில் வைத்து, அதை அதனாலேயே பெருக்கி அச்சிட்டுப் பாருங்கள். வழக்கமான கணினிகளில் -1794967296 என்று விடை வரும். எந்த முழு எண்ணின் வர்க்கமும் எதிர்மறையாகாது என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஆனால் 32 பிட்டுகள் கொண்ட இன்ட் மாறியில் அடங்கும் மிகப்பெரிய நேர்ம எண் 2147483647 என்பதால், அதைத் தாண்டிய 250 கோடி அந்த இடத்தில் வேறொரு எண்ணாகவே வாசிக்கப்படுகிறது. பாடத்தின் தொடக்க வாரங்கள் இதற்கே செலவிடப்படுகின்றன. சி கோப்பு அசெம்பிளியாகவும் (இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவம்), பின்னர் இயந்திரக் கட்டளைகளாகவும் மாறி, லிங்கர் என்ற இணைப்பு நிரலால் இணைக்கப்பட்டு, இயக்க முறைமையால் நினைவகத்தில் ஏற்றப்படும் பயணம் அதன் பிறகு வருகிறது.

என் பார்வையில் இப்பாடத்தின் உச்சம் நினைவகம் பற்றிய பகுதியே. 2048 கிடைவரிசைகளும் 2048 நெடுவரிசைகளும் கொண்ட ஒரு முழு எண் அணியின் உறுப்புகளைக் கூட்ட வேண்டும் என்று கொள்வோம். இரண்டு ஃபார் மடக்குகளில் எது வெளியே, எது உள்ளே இருந்தாலும் விடை ஒன்றுதான். கூட்டல்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான். தேர்வுத்தாளில் இரண்டுக்கும் வேலையின் அளவைக் காட்டும் ஒரே சிக்கலளவைத்தான் எழுதுவீர்கள். ஆனால் சி நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், மடக்குகளின் வரிசையைத் தானே மாற்றிவிடாதவரை, நெடுவரிசை வழியாகச் செல்லும் நிரல் பல மடங்கு மெதுவாக ஓடும். சி மொழி அணியைக் கிடைவரிசை கிடைவரிசையாக அடுக்குகிறது. செயலியோ முதன்மை நினைவகத்திலிருந்து நான்கு பைட்டுகளை மட்டும் தனியே எடுத்து வருவதில்லை. இன்றைய பெரும்பாலான செயலிகளில் 64 பைட்டுகள் ஒரே தொகுதியாக, செயலிக்குள் இருக்கும் சிறிய, வேகமான கேச் நினைவகத்துக்கு வருகின்றன. கிடைவரிசையில் நகரும்போது, ஒருமுறை வந்த தொகுதியே 16 எண்களுக்குப் பயன்படுகிறது. நெடுவரிசையில் ஒவ்வோர் அடியும் 8192 பைட்டுகளைத் தாண்டுவதால், வந்த 16 எண்களில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு அடுத்த தொகுதிக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மீதி 15 எண்களைத் தேடி நாம் திரும்பி வருவதற்குள் அத்தொகுதி வேகமிக்க முதல்நிலைக் கேச்சிலிருந்து வெளியேற்றப்பட்டிருக்கும். இதை வகுப்பில் கேட்டால் மட்டும் போதாது. இன்றே இரண்டு நிரல்களையும் எழுதி, நேரத்தை அளந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அந்தப் பாடத்தில் வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்வது போன்ற ஒரு பயிற்சி இருப்பதாக என் மகன் சொல்கிறான். அடுத்த பயிற்சியோ ஒரு நிரலைத் தாக்குவதாம். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் கற்றுத்தரலாமா?
– மாணவர் ஒருவரின் தந்தை, சேலம்

பதில்: தாராளமாகக் கற்றுத்தரலாம். அந்த வெடிகுண்டு ஒரு நிரல்தான்; மூல நிரல் இல்லாமல், இயக்கக்கூடிய கோப்பு மட்டும் மாணவரிடம் தரப்படுகிறது. அதில் ஆறு கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் சரியான வரியைத் தட்டச்சு செய்யாவிட்டால் திரையில் "வெடித்து" மதிப்பெண் குறையும். ஆகவே ஊகித்துப் பயனில்லை. ஜிடிபி என்ற பிழைதிருத்தியில் நிரலை நிறுத்தி வைத்து, இயந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். முதல் கட்டத்தில், இரு சரங்களை ஒப்பிடும் செயற்கூறு அழைக்கப்படுவதற்குச் சற்று முன் ஒரு முகவரி பதிவகத்தில் (செயலிக்குள் உள்ள சிறு சேமிப்பிடத்தில்) வைக்கப்படுவதைக் கவனிக்கும் மாணவர், அந்த முகவரியில் இருப்பதைத் திரையில் காட்டச் சொன்னால் விடை அப்படியே கிடைத்துவிடும். அதுவரை சுட்டு (முகவரியை வைத்திருக்கும் மாறி) என்பதை மனப்பாடமாக மட்டும் வைத்திருந்தவருக்கு, முகவரி என்றால் என்ன என்பது அன்று விளங்கிவிடுகிறது.

தாக்குதல் பயிற்சிக்கும் காரணம் இருக்கிறது. 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற தானாகப் பரவும் நிரல், ஒரு சேவை நிரல் உள்ளீட்டின் நீளத்தைச் சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டதையும் ஒரு வழியாகப் பயன்படுத்தியே கணினிகளுக்குள் நுழைந்தது. ஒதுக்கிய இடத்தைவிட நீளமான உள்ளீடு ஸ்டேக்கில் (செயற்கூறுகளின் தற்காலிக நினைவகப் பகுதியில்) நிரம்பி வழிந்து, செயற்கூறு திரும்பிச் செல்ல வேண்டிய முகவரியையே மாற்றி எழுதிவிட்டது. இதைத் தன் கையாலேயே, ஆசிரியர் தந்த பயிற்சி நிரலில் செய்து பார்த்தவர், நாளை ஒரு வங்கிக்காக நிரல் எழுதும்போது நீளத்தைச் சரிபார்க்காமல் விடமாட்டார். பயிற்சிக் கோப்புகளை, இப்பாடத்துக்கான நூலை எழுதிய அந்த இரு பேராசிரியர்களே தங்கள் தளத்தில் சுயமாகப் படிப்போருக்கு இலவசமாகத் தருகிறார்கள். இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி உள்ள பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவியிருந்தால் போதும்.

கேள்வி: பைத்தான் மட்டுமே எழுதுகிறேன். எனக்கும் இது தேவையா?
– வாசகர், ஈரோடு

பதில்: தேவைதான். பைத்தானின் சொந்த முழு எண்கள் எவ்வளவு பெரிதானாலும் வழிவதில்லை என்பது உண்மை. ஆனால் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் அதிலும் 0.30000000000000004 என்றே வரும். அந்தப் பின்னங்களை இருமத்தில் முழுமையாக எழுத முடியாது. எண் கணக்கீட்டுக்கான பைத்தான் நூலகமான நம்பையின் அணிகளுக்கு வந்துவிட்டாலோ சி மொழியின் எல்லைகள் மீண்டும் வந்துவிடுகின்றன: 32 பிட் அணியில் 50000-ஐ வைத்து, அதை அதனாலேயே பெருக்கினால், மேலே சொன்ன அதே எதிர்மறை எண், எச்சரிக்கை எதுவுமின்றி, உங்கள் அணிக்குள் உட்கார்ந்துவிடும். முதலில் அணியின் டிடைப்பை, அதாவது அதன் உறுப்புகளின் தரவு வகையை, சரிபாருங்கள்.