கணக்கு வகுப்பில் இணையம்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். பாடநூலிலுள்ள விரைவுக் குறியீடுகளை (QR code) வகுப்பில் திறந்தால் இணைப்பு பாதியில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?
– ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள அக்குறியீடுகளை, இணைப்பு நன்றாகக் கிடைக்கும் இடத்தில் முந்தைய நாளே திறந்து, காணொலிகளைத் தீக்ஷா செயலியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வடிவியல் உருவங்களை வரைந்து நகர்த்திப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா மென்பொருளும் கணினியில் நிறுவிவிட்டால் இணையமின்றி இயங்கும். திரையிலுள்ள முக்கோணத்தின் ஒரு முனையை மாணவி ஒருத்தியே இழுத்துப் பார்க்கட்டும். உருவம் எப்படி மாறினாலும் நடுக்கோடுகள் (ஒரு முனையையும் அதன் எதிர்ப்பக்கத்தின் நடுப்புள்ளியையும் இணைக்கும் கோடுகள்) மூன்றும் ஒரே புள்ளியில் சந்திப்பதையும், அப்புள்ளி ஒவ்வொரு நடுக்கோட்டையும் 2:1 என்றே பிரிப்பதையும் அவள் தானாகவே கண்டுகொள்வாள். நீண்ட காணொலியைவிட இந்த ஐந்து நிமிடமே மேல் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு முன்பு, அளவுகோலும் பென்சிலும் கொண்டு தாளில் ஒருமுறை அவர்களை வரையச் சொல்லுங்கள்.